ஒன்பது புள்ளி மூன்று

அன்புள்ள நெலாகோ,

என் எழுத்துகள் வேலி தாண்டிய ஆடுகள்போல் ஆளுக்கொரு பக்கம் போகின்றன, பொறுத்துக்கொள். இந்த முறை பிறரைக் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன்! உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

போன மாதம் பண்ணைக்கு வேட்டையாட வந்த ஒரு விருந்தாளி சுட்ட ஓரிக்ஸ் மான் முட்புதரில் மறைந்தது. மெல்லிய ஏழு மில்லிமீட்டர் தோட்டா உள்ளேயே உடைந்துவிட்டதால் தரையில் ரத்தமே இல்லை. தடம் தேடி முன்னால் போன என்னை மான்தான் கண்டுபிடித்தது. கொம்பு கால்சட்டையை மட்டும் கிழித்தது.

பண்ணைக்காரர் டெட்லெஃப், “முந்நூத்து எழுபத்தஞ்சு துப்பாக்கி வாங்கிடலாம். யானையே விழும்” என்றார்.

“உங்க விருந்தாளிதான் விழுவாரு, முதலாளி. அது தோள்ல உதைக்கிற உதைக்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டுச் சுடுவாங்க. நடுவுல உள்ள ஒன்பது புள்ளி மூணு மில்லிமீட்டர் போதும். கனமான தோட்டா, மறுபக்கம் வெளிய வரும். ரத்தம் வழி சொல்லும்.”

“துப்பாக்கியே பிடிக்காத கிழவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

“நீங்க மானப் பாக்குறீங்க. நான் தரையப் பாக்குறேன்.”

அவர் சிரித்துவிட்டார். “முன்னால போறவன் நீ. நீயே எழுது” என்று விண்ட்ஹூக் துப்பாக்கிக் கடைக்கான ஆர்டர் சீட்டை நீட்டினார். முன்பு கைநாட்டு வைத்த இதே கையால் ‘9.3’ என்று எழுதினேன், நெலாகோ.

கெட்டி நூல் அனுப்பு, கிழிசல் நீளம். கொஞ்சம் கம்பு மாவும் அனுப்பு. இங்குள்ள சோளக் களி தனியாக உண்ணும்போது தொண்டையில் இறங்குவதில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. புதுத் துப்பாக்கியும் வந்துவிட்டது. நாளை நான் முன்னால் நடப்பேன், நான் எழுதிய எண் பின்னால் வரும். எப்படி நடந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் கணவன் ஹைம்பிலி