ஓலை இருந்தால்தான் மூட்டை

குற்றாலம், ஜூலை 1958

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நேற்று முதலாளி என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்; நான் கேட்கவில்லை.

அருவிக்குப் போகிறவர்கள் துணியையும் நகையையும் எங்கள் எண்ணெய்க் கடையில் மூட்டையாக விட்டுச் செல்வார்கள். முகம் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததில் போன வாரம் ஒருவருடைய சங்கிலி பறிபோனது. அதனால் நான் பனையோலையைக் கிழித்து, ஒரு பாதியை மூட்டையில் கட்டி, மறுபாதியைக் குளிப்பவரிடம் கொடுக்கிறேன். இரண்டும் பொருந்தினால்தான் மூட்டை.

நேற்று முதலாளியின் மச்சினன் ஓலையில்லாமல் வந்து யாருடைய மூட்டையையோ கேட்டார். மறுத்தேன்.

"ஏட்டி, எம் மச்சினனையே களவாணிங்கியா? மன்னிப்புக் கேளு, இல்லன்னா நாளைக்கு வராத."

"ஓலையக் கொண்டாரச் சொல்லுங்க, அண்ணாச்சி."

ஊருக்கு வா என்று மட்டும் எழுதாதீர்கள். படித்த பத்திரிகைகளை அனுப்புங்கள். ஓரங்களில் தங்கை விஜயத்தை ஏதாவது எழுதச் சொல்லுங்கள். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
செண்பகவல்லி

பி.கு.: இன்று காலை கடைக்குப் போனேன். என் இடத்தில் மச்சினன் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்.