அந்த சிரப்பை நிறுத்திவிட்டார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே நீயாவது சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எப்போதும் அப்பா சொல்லச் சொல்ல நான்தான் உனக்கு எழுதுவேன், இது அப்படி எழுதியது இல்லை. இன்று சாயங்காலம் பேனாவோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், "எல்லாரும் சௌக்கியம்னு போடு" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்று, "யாருக்கும்மா எழுதுறோம்?" என்று கேட்டார். பெரியவளுக்கு என்றேன். "அவ இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலையா?" என்றார். அம்மா சிரித்து மழுப்பிவிட்டாள். இப்போது அவள் தூங்கிவிட்டாள், நான் குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வாயுத் தொல்லை என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய் அக்கா. ஈரல் சுருங்கிவிட்டது. அந்தப் பேச்சு வெளியே போனதும் எதிர்வீட்டு அத்தை, "தங்கமான மனுஷன்னு நெனச்சோமே, ஒளிச்சு வச்சுக் குடிச்சாரா?" என்று கேட்டுவிட்டாள், அன்றிலிருந்து அம்மா வாயு என்றே சொல்கிறாள். டீயைத் தவிர அப்பா என்ன குடித்திருக்கிறார்? பல வருஷத்துச் சர்க்கரையும், தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமல் சேர்ந்த கொழுப்பும்தான் காரணம் என்று ஈரலுக்கென்றே இருக்கிற டாக்டரம்மா சொன்னார். கைகளை முன்னால் நீட்டி நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னபோது, "அளவெடுக்கணும்னா என் டேப்பைத் தர்றேன் டாக்டர்" என்றார் அப்பா. டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் அப்பாவின் கை மணிக்கட்டில் மடங்கி மடங்கி விழுந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஈரல் பிரித்து எடுக்காத விஷம் மூளைக்கு ஏறுகிறதாம். அதற்கு ஒரு இனிப்பு சிரப் எழுதிக் கொடுத்தார். வயிறு போகும், போகத்தான் கொடுக்கிறேன், அந்த வழியாகத்தான் விஷம் வெளியேறும், எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள் என்றார். அம்மா அப்போது ஸ்கேன் முடிவு வாங்கக் கீழே போயிருந்தாள். வந்ததும் நான் சொன்னேன், பாதிதான் காதில் வாங்கினாள்.

பிறகு ஒருநாள் கடையில், வாடிக்கையாளர் ஒருவருக்குத் தோள் அளவு எடுக்கும்போதே அப்பாவுக்கு உடையிலேயே போய்விட்டது. அவர் எவ்வளவு சுத்தம் பார்ப்பார் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், "இது என் மானத்தை வாங்குது, இனிமே குடுக்காத" என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மா பாட்டிலை எடுத்துப் பூட்டிவிட்டாள். "மருந்தா அது? பேதி மாத்திரைக்கு அண்ணன்" என்கிறாள். நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னால், "நீ என்ன பெரிய டாக்டரா? அந்த மனுஷன் அழுததைப் பாத்தும் எப்படிடி குடுக்கச் சொல்ற?" என்று அவளும் அழுகிறாள்.

இப்போது துணி அழுக்காவதில்லை, வயிறு போவதே இல்லை. ஆனால் சட்டைக் கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்கிறார். பகலெல்லாம் தூங்குகிறார். "இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறாரு, எழுப்பாத" என்கிறாள் அம்மா. பகல் தூக்கம் கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டரம்மா, அக்கா, அது நிம்மதி இல்லை. அம்மா குளிக்கும்போது சாவியை எடுத்து, ஒரு மூடி சிரப் ஊற்றி அப்பா வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிவிட்டார், பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? உங்கம்மா தேடப் போறாங்க, வீட்டுக்குப் போ" என்றார்.

மருந்து கொடுத்தாலும் கெட்ட ஈரல் திரும்பி வராது, நாளைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்றார்கள். அந்த நாட்களும் போய்க்கொண்டிருக்கின்றன. அம்மா உன் பேச்சை மட்டும்தான் கேட்பாள். வயிறு போவது வியாதி இல்லை, அதுதான் வைத்தியம் என்று நீ சொல்லு. யார் சொன்னது என்று கேட்டால் என் பேரையே சொல்லு, அடித்தால் அடிக்கட்டும். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் இதைப் பெட்டியில் போடுவேன். போன் எப்போதும் அம்மா கையில்தான், அதனால்தான் கடிதம், எப்போது உன் கைக்கு வருமோ. கிடைத்த உடனே கூப்பிடு, நீ வழக்கமாகப் பேசும் ஞாயிற்றுக்கிழமை வரை வைக்காதே.

கடிதம் முடியும்போது அப்பா உனக்கு ஒரு ஆசீர்வாதம் சொல்வார், நான் எழுதுவேன். இன்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது மனப்பாடம்தான். ஆனாலும் நானாக எழுத மாட்டேன் அக்கா, நீ வந்து அவர் வாயால் கேட்டுக்கொள்.

உன் வாலு