யார் செய்ததென்று தெரியாத சுவர்

அன்புள்ள அண்ணன் கெர்வாசிக்கு,

தங்கை ஒட்டிலியா எழுதுவது. குவைத்தில் நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே போலந்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வயிற்றெரிச்சல். என்னுடையதற்குக் காரணம் நீ.

நம் ஊர் நீச்சல்குளக் கட்டடத்துக்குச் சாரம் கட்டிவிட்டார்கள். குளிர் உள்ளே வராமலிருக்க வெளிச்சுவர் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டி, மேலே பூசி, பீச் கலர் அடிக்கப் போகிறார்களாம். அதாவது, பீங்கான் துண்டுகளை ஒட்டி நான் செய்த மீன் மொசைக்கின் மேல். தெர்மோகோல் நிற்பதற்கு என் மீன்களின் வயிற்றில் துளை போடுவார்கள்.

நேரே போய் மேலாளரிடம் சண்டை போட்டேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "நாங்க என்னம்மா செய்யறது? கட்டடத்த வரைஞ்சவரு உங்க அண்ணன்தானே, அவர்கிட்ட கேட்டோம். செவுத்துல இருக்கற படம் யாரு செஞ்சதுன்னு தெரியாது, மூடிக்கலாம்னு எழுதிட்டாரே! புதுசா மாத்தற வேலைக்கு வரைபடம் போடறதும் அவருதான்" என்றார்.

தெரியாதா உனக்கு? பீங்கான் ஆலையில் கழித்துப்போட்ட தட்டுகளை உன் ஃபியட் காரில் அள்ளி வந்தது யார்? வயிற்றில் பிள்ளையோடு நான் சாரத்தில் நின்று ஒட்ட, கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம் நீலம் போடுடி, செவுரு செத்துக் கெடக்கு" என்று கத்தியது யார்? திறப்பு விழாவில் உன் பெயரை மட்டும் வாசித்தார்கள். அண்ணன்தானே என்று நானும் கை தட்டினேன். புத்தி கெட்டவள்.

சுவர் போனால் நாலு நாள் அழுவேன். ஒரு வேலை கிடைக்கிறது என்று கூடப் பிறந்தவளைத் தெரியாது என்றாயே, அது ஆறவில்லை.

உறைபனி தொடங்குவதற்குள் முடிக்க அவசரப்படுகிறார்கள். அதனால் இதை உன் அலுவலகத்துக்கே ஃபேக்ஸில் அனுப்புகிறேன். அங்கே போலிஷ் மொழி தெரிந்தவர்கள் நாலு பேர் உண்டல்லவா, படிக்கட்டும். ஒட்டிலியா செய்தது, அவளைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று மேலாளருக்கு உடனே எழுது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை விருந்துக்கு நீ வருவாய் என்று அம்மா காத்திருக்கிறாள். நீ எழுதினால் உன் நாற்காலி அவள் பக்கத்தில். கெண்டை மீனும் நானே பொரிக்கிறேன். எழுதாவிட்டாலும் வா. யாரென்று தெரியாத வழிப்போக்கனுக்காக நம் ஊர் வழக்கப்படி ஒரு தட்டு வைத்திருப்போம். அதில் சாப்பிட்டுவிட்டுப் போ.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன் தங்கை,
ஒட்டிலியா