ஜெபக் கடிதத்தில் இல்லாதது

அம்மா,

இன்று காலை சேலம் தபால் நிலையத்தில் ஒரு புத்தகக் கட்டை அனுப்பப் போயிருந்தேன். தபால்தலை ஒட்டவில்லை. மூலை மேசையில் இருந்த பசை டப்பாவுக்குள் விரலை விட்டேன். புளித்த மைதாவின் அந்தப் பழைய வாசனை வந்ததும் விரலை முகர்ந்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "ஏனுங்க, ஒட்டியாச்சுங்களா?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். எனக்கு அப்போது ஏற்காட்டு வீட்டின் சாப்பாட்டு மேசைதான் கண்ணில் இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த மேசையில் சோறு கிடையாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். நமக்காக ஜெபிக்கும் ஊர் ஊரான ஆட்களுக்கு நீ அனுப்பும் ஜெபக் கடிதம் மேசை முழுவதும் பரவியிருக்கும். ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியால் நீ தமிழில் எழுதுவாய். வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வாய். பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் உருளையை நீ சுற்றச் சுற்ற ஈரத் தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். அவற்றை மூன்றாக மடிப்பது என் வேலை, அடுக்குவது தம்பியின் வேலை. கிளியூரிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் ராசம்மாக்கா தபால்தலைகளுக்குப் பசை தடவுவார். உறையின் வாயை மட்டும் ஒட்டக் கூடாது. கட்டணம் குறைவான புக் போஸ்டில் போகும் உறை திறந்தே இருக்க வேண்டும். வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எழுத்தறியாதவர்களுக்கு வேதாகமக் கதைகளை வாய்மொழியாகச் சொல்லப் பயிற்சி கொடுப்பது அப்பாவின் ஊழியம். ஆறு மாதம் ஏதாவது ஒரு தேசத்தில் இருப்பார். மீதி ஆறு மாதம் தேசங்கள் நம் வீட்டுக்கு வரும். எத்தியோப்பியாக்காரர் குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு ரசம் குடிப்பார். பிலிப்பைன்ஸ் அக்கா சமையலறையில் உனக்கு வெங்காயம் உரிப்பாள். மாலை ஜெபத்தில் நீ அவர்கள் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாய். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நான் உன் மடியில் சாய்ந்துவிடுவேன். ஜன்னல் வழியாக மேகம் அறைக்குள் வந்து விளக்கைச் சுற்றி நிற்கும். நீ சொல்லும் ஊர்களிலிருந்துதான் அது வருகிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை.

எழுபதுகள் முடியும் சமயம். எனக்குப் பத்து வயது. ஒரு நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்து வரும்போது உன் சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

"அம்மா, நான் ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் யாரும் கேக்கற மாதிரியே இல்லம்மா."

நீ திட்டவில்லை. குனிந்து என் தலையைக் கோதி, "நொம்ப நாளா இப்பிடி இருக்குதா, சாமி?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். என் பாரம் முழுவதும் உன்னிடம் வந்துவிட்டது போல் இருந்தது. அன்று நான் வீடு வரை துள்ளிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்தேன். கடைசிப் பத்தியில், உன் அழகான கையெழுத்தில் இருந்தது. ‘எங்கள் மகளுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள். தன் ஜெபத்தைக் கேட்க யாருமில்லை என்று சொல்கிறாள்.’ காதுமடல் சுட்டது. ராசம்மாக்காவிடம் படித்துக் காட்டி அழுதேன். அவர் பசைக் கையோடு உன்னிடம் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, ஊட்டுப் புள்ள காதோட காதா சொன்னத ஊருக்கெல்லாம் எழுதுவாங்களா?"

"ஜெபம் பண்றவங்ககிட்ட மறைக்கக் கூடாது ராசம்மா. எத்தன பேரு கேட்டா அத்தன நல்லது."

"அனுப்பாதம்மா" என்று உன் காலைக் கட்டிக்கொண்டேன். நீயும் அழுதாய். ஆனாலும் அடுத்த நாள் காலை கட்டுகள் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய்விட்டன. நீ கொடுமைக்காரி இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெரிந்த வைத்தியர் எல்லோரையும் கூப்பிடும் தாய் நீ. கூப்பிட்டுவிட்டாய். அவ்வளவுதான்.

வைத்தியர்கள் வந்தார்கள். அந்த வருடப் பயிற்சிக்கு வந்த கென்யா போதகர் பெட்டியைக்கூட கீழே வைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே அந்தப் பெண்? எங்கள் சபையில் தினமும் உன் பெயரைச் சொல்கிறோம்" என்றார். எவ்வளவு அன்பான மனிதர்! நான் கையை உதறிவிட்டுக் காப்பிச் செடிகளுக்குள் ஓடி ஒளிந்தேன். உலக வரைபடத்தில் எங்கே விரல் வைத்தாலும் அங்கே யாரோ ஒருவருக்கு என் ரகசியம் தெரிந்திருந்தது. அம்மா, எனக்கு உன்மேல் அப்படியொரு கோபம். அன்றிலிருந்து நீ எது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான். பரீட்சை, காதல், வேலை, சென்னை வாழ்க்கை எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வார்த்தை. என் வீட்டு முகவரிக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உன் கடிதம் வரும், ஊருக்கெல்லாம் வருகிற மாதிரி. என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் கடைசிப் பத்தியைத்தான் பார்ப்பேன். ‘மகள் நலமாக இருக்கிறாள்’ என்று இருக்கும். நான் கொடுத்ததுதானே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் விடுப்பில் வந்தேன். முதல் மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சரிவு முழுவதும் காப்பி பூத்திருந்தது. அந்த வெள்ளையும் வாசனையும் இரண்டு நாள்தான் நிற்கும் என்பாய். மேகம் கீழே இறங்கியதும் எது பூ, எது மேகம் என்று தெரியாமல் போயிற்று. நாம் இருவரும் சில்வர் ஓக் மரத்தடியில் பலகையில் உட்கார்ந்திருந்தோம். உன் குரல் மட்டும்தான் பக்கத்தில் இருந்தது.

"பத்து வயசுல நீ எங்கிட்டப் பேச்ச நிறுத்திட்டேன்னு எனக்குத் தெரியும் கண்ணு. செஞ்சது தப்புன்னு தெரிய எனக்கு நொம்ப வருசம் ஆயிருச்சு. மனசுல என்னமோ வெச்சிருக்கற. சொல்லு. இந்தத் தடவ யாருக்கும் எழுத மாட்டேன்."

முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். சந்தேகம் இல்லை அம்மா, நம்பிக்கையே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் கண்ணை மூடி உட்கார்வதெல்லாம் உங்களுக்காகத்தான் என்றேன். உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் யாருடைய ஆத்துமாவுக்காகவோ புருஷனைப் பாதி வருடம் விட்டுக்கொடுத்தவள் நீ. மேகத்துக்குள் என் கையைத் தேடிப் பிடித்தாய்.

"குளுருது. உள்ள போலாம் வா. காப்பி போடறேன்."

சென்னைக்குத் திரும்பி அடுத்த கடிதத்துக்காகப் பயந்துகொண்டே காத்திருந்தேன். வந்தது. அப்பா நேபாளத்தில் இருக்கிறார், கூரை ஓடு மாற்றினோம், காப்பி நன்றாகப் பூத்தது. கடைசிப் பத்தியில், ‘மகள் வந்து பத்து நாள் இருந்தாள். சந்தோஷம்.’ அவ்வளவுதான். அதற்கடுத்த கடிதத்திலும் இல்லை. நீ படுக்கையில் விழும் வரை எழுதிய எதிலும் இல்லை.

உன்னை அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்து, தம்பியும் வேலைக்குத் திரும்பியபின், அப்பாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். தேசம் தேசமாக இரங்கல் கடிதங்கள் வந்திருந்தன. தம்பியின் டைபாய்டு, என் பல், அப்பாவின் முதுகுவலி என்று எல்லாவற்றையும் அவர்கள் நினைவு வைத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல கண்ணு. கடைசி அஞ்சாறு வருசமா அம்மா தெனமும் விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு, தனியா முழங்கால் போட்டு அழுவா. நானும் கூட வரட்டுமான்னா வேண்டாம்பா. எல்லாருக்கும் எழுதட்டுமான்னா கையப் புடிச்சுக்குவா. இது ஒண்ண மட்டும் நான் தனியா கேட்டுக்கறேனுங்கன்னு சொல்லுவா. என்னன்னு உனக்குத் தெரியுமா?"

எத்தனை பேர் கேட்டால் அத்தனை நல்லது என்று உயிராக நம்பியவள், எனக்காக ஒரே ஆளாய்ப் போய்க் கேட்டிருக்கிறாய். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

"தெரியலப்பா" என்றேன்.

எனக்கு நம்பிக்கை திரும்பவில்லை, அம்மா. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விடிவதற்கு முன்னால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, உன்னைத் தவிர யாருக்கும் சொல்லாததையெல்லாம் உனக்குச் சொல்கிறேன்.