சொளகில் பெய்த மழை

செண்பகனூர்,
மே மாதக் கடைசி, 1983

அன்பு மகன் மரியசெல்வத்துக்கு, சித்தப்பா மரியசூசை ஆசீரோடு எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே உன் அம்மா, தங்கச்சி அருள்மணி, நான், என் லாரி எல்லாரும் சுகம், லாரிக்கு மட்டும் கொஞ்சம் இருமல். மஸ்கட் வெயிலில் நீயும் இருமலில்லாமல் இருக்க வேண்டும். இதில் நான் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சலேத் மாதா கோவில் மணிமேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

அருள்மணி பத்தாவது பாஸ். மதினி, அதான் உன் அம்மா, சமையற்கட்டில் வேலை பார்க்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலேயே பதினொன்றாம் வகுப்புக்கு இடமும் இருக்கிறது. பிள்ளை கேட்பது நாடகம், போட்டோ, ரேடியோ நிகழ்ச்சி மூன்றும் சேர்ந்த புது குரூப்பு. நீ எழுதியதோ, சயின்ஸ் எடுத்து நர்ஸாகி மஸ்கட் வரட்டும் என்று. மதினி உன் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டு, கூத்துக் கட்டியா சோறு திங்கப்போறே, அண்ணன் சொன்னதைச் செய்யி என்கிறார். இவள் அழவில்லை, சண்டை போடவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டாள். அருள்மணி பேசாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார், பெருமாள்மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு ஒரே குறுகுறுப்பு. கணக்குக்கு மார்க் போடலாம், ரேடியோவில் வரும் சத்தத்துக்கு எப்படிப் போடுவார்கள். லாரியைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு அந்தக் குரூப்பை நடத்தும் அடைக்கலம் வாத்தியாரிடமே கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேப்போம்ங்க, எங்க நிக்கிறோம்னு வெளங்கிட்டா மார்க்கு என்றார். அதுக்கு என்ன பாடம்ங்க என்றேன். மண்ணுல சொட்டு விழுந்தா எப்படி, தகரத்துல விழுந்தா எப்படின்னு மொதல்ல கேக்கப் பழகணும்ங்க என்றார். இந்த மலையில் இத்தனை மழை நனைந்தும் நான் அதைக் கேட்டதில்லையே என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன். அருள்மணி அப்போதுதான் வாயைத் திறந்து, சித்தப்பா, அந்தப் புடைக்கிற சொளகை எடுங்க என்றாள். காய்ந்த பட்டாணியைச் சொளகில் மெல்லச் சாய்த்து உருட்டினாள், முட்டைக்கோஸ் இலையில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டாள், பழைய தகரத்தை ஆட்டி இடி வரவழைத்தாள். எல்லாம் நீ லீவில் கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில் ஏறியது.

இனிமேல்தான் கதை. அந்தப் பெட்டியைப் பக்கத்துச் சீட்டில் வைத்துப் பாடவிட்டுக்கொண்டு, வில்பட்டி முட்டைக்கோஸோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கினேன். முதல் வளைவிலேயே ரோட்டோரக் குரங்குகள் ஆளுக்கொரு மலைவாழை இலையைப் பறித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டன. என்றைக்கோ செத்துப்போன வைப்பர் உயிர்த்தெழுந்து ஆடியது. வத்தலக்குண்டில் ஒரு கல்யாண ஊர்வலம் மாப்பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டு ஒதுங்க ஓடியது. மார்க்கெட்டில் கமிஷன்கடைத் திருமலைச்சாமி வெங்காயத்துக்குத் தார்ப்பாய் போட, அவரைப் பார்த்து ஊரே தார்ப்பாய் போட, ஏலே, எவன்டா மழையை லாரியில ஏத்தியாந்தவன், எடை போட்டியாடா என்று அவர் கத்தினார். குளத்துத் தவளைகள் வரிசையாய் வந்து என் காலில் விழுந்து, ஐயா, இன்னொரு தரம் ஓட்டுங்க என்றன.

ஆகையால் மகனே, நர்ஸ் வேலை புண்ணியம், மறுக்கவில்லை. ஆனால் இவள் அம்மை ஊசி போட வந்த நர்ஸம்மாவையே தள்ளிவிட்டு ஓடியவள். இந்தக் குரூப்பைப் படித்தால் பிறகு என்ன சோலி கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, வாத்தியாருக்கும் முழுசாய்த் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீ பேசி அனுப்பிய காசெட்டைப் போட்டால் மதினி அடுப்படியிலிருந்தே, சாப்பிட்டியாய்யா என்று பெட்டியிடம் கேட்கிறார். சத்தத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியுமென்றால், அதன் பின்னால் ஒரு பிள்ளை போய்ப் பார்க்கட்டுமே. பெரியவன் சொல்லட்டும் என்று மதினி உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடம் திறக்குமுன் குரூப்பைச் சொல்லியாக வேண்டும், வெரசா ஒரு வரி எழுது.

வெயிலில் தலைக்குத் துணி கட்டு. பூசை கிடைக்காத ஞாயிறில் ஜெபமாலையாவது சொல். சேசுநாதர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஆறு சக்கரத்தின்மேல் மலையாளும் உன் சித்தப்பா,
மரியசூசை

பி.கு. குரங்கும் தவளையும் பொய். திருமலைச்சாமி அன்றைக்குக் கடைக்கே வரவில்லை. ஒரு துண்டுக் கதை மட்டும் நிஜம், அதை மேலே எழுதவில்லை. அருள்மணி பட்டாணியை உருட்டியபோது மதினி பின்கட்டிலிருந்து ஓடிப்போய், கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே சுள்ளென்று வெயில். தோள் நிறையத் துணியோடு எங்களைப் பார்த்தார், சொளகைப் பார்த்தார். இதை அவனுக்கு எழுதிராதீங்க கொழுந்தனாரே என்றார். மறுநாள் வெள்ளனே குழம்புக்கு அந்தப் பட்டாணியை எடுத்தேன். அதைத் தொடாதீங்க, பிள்ளைக்கு வேணும் என்றார்.