லீலாவுக்காகச் சுட்ட பிஸ்கட்

சேரப்பணஞ்சேரி
27.1.2025

அன்பு மகள் எழிலரசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். சேலத்தில் நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும் சுகம்தானே? லீலாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பொங்கலன்று போனில் சொன்னதும், "அத்தை பக்கத்துல இருக்காங்க, போனை வைங்கப்பா" என்று உன் மாமியாருக்குப் பயந்து சொன்னாய். அதன்பிறகு நீ போனையே எடுப்பதில்லை. அதனால்தான் உன் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

உன் அம்மா போய் ஏழு வருஷம். லீலா பென்னலூர்க்காரர், எங்கள் கம்பெனியில் பேக்கிங். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. போன வாரம் டீ பிரேக்கில் டிரெய்னிங் பெண்கள் காதலர் தினப் பரிசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு யாரு குடுப்பாங்க அக்கா?" என்று லீலாவைக் கேட்டார்கள். "எனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்" என்று சிரித்தார். டம்ளரை வைக்கப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

அவருக்கு நான் கொடுக்கப் போகிறேன், என் கையால் செய்து. கல்யாணத்துக்கு முன்னால் நீ உன் தோழிகளுக்குச் சுடுவாயே, மேலே சர்க்கரைப் பூச்சு வைத்து, அந்த பிஸ்கட். பரணிலிருந்து உன் ஓவனை இறக்கித் துடைத்துவிட்டேன். கோபம் கோபமாகவே இருக்கட்டும். அளவை மட்டும் எழுது.

அப்பா
நாகப்பன்

சேலம்
1.2.2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்டாஃப் ரூமில் பிரித்துவிட்டு, பாதியில் மூடி வைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். "உங்கப்பாவுக்கு இந்த வயசுல கல்யாணமா?" என்று கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஒருநாளாவது அதை யோசித்தீர்களா? தனியாக இருக்கக் கஷ்டமென்றால் இங்கே வந்துவிடுங்கள். நானும் அவரும் பார்த்துக்கொள்கிறோம்.

வெண்ணெய் நூறு கிராம், பொடித்த சர்க்கரை நூறு, முட்டை ஒன்று, மைதா இருநூற்று இருபது, வெனிலா எசன்ஸ் அரை ஸ்பூன். பிசைந்து, தேய்த்து, வெட்டி, நூற்று எழுபது டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். கேட்டீர்கள், எழுதினேன். சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழிலரசி

சேரப்பணஞ்சேரி
5.2.2025

அன்பு எழிலுக்கு,

அளவுக்கு நன்றி கண்ணு. கம்பெனி டூல் ரூமில் கருவி செய்யும் மாரிராஜ் தகரப்பட்டையை வளைத்து இதயம் மாதிரி அச்சு செய்து கொடுத்தான். "இன்னாத்துக்குண்ணே?" என்றான். "பிஸ்கட்டுக்கு" என்றேன்.

முதல் தட்டில் பதினாறு வைத்தேன். எல்லாம் உருகிப் பரவி ஒரே அடையாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பரவியதோடு கருகியும் போனது. கம்பெனியில் அடுத்தவர் செய்த உதிரி பாகத்தில் குறை கண்டுபிடித்து இருபத்தாறு வருஷமாக மார்க்கரில் வட்டம் போடுகிறவன் நான். இப்போது என் வேலையே மொத்தமும் ரிஜெக்ட். விடமாட்டேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

உன் வீட்டுக்கு வந்தால் சோறும் இடமும் கிடைக்கும், தெரியும். ஆனால் லீலாவோடு பேசிக்கொண்டிருந்தால் எனக்கு டீ ஆறுவது தெரிவதில்லை. இந்த வயதில் அது எத்தனை பெரிது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? உன் மாமனாரிடம் நானே வந்து பேசட்டுமா? ஞாயிறு எனக்கு லீவுதான்.

பிஸ்கட் ஏன் பரவுகிறது?

அப்பா

சேலம்
8.2.2025

அப்பாவுக்கு,

இங்கே வராதீர்கள், தயவுசெய்து.

பிசைந்த மாவை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெட்டிய பிறகு இன்னும் கால்மணி. இதை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். இரண்டு தடவை கெட்டால் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் மகளாக இருந்தும் அப்படி நினைத்தேன்.

நன்றாக ஆறியபிறகு ஐசிங். சலித்த ஐசிங் சர்க்கரையில் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். பீட்ரூட் சாறு இரண்டு சொட்டு விட்டால் ரோஸ் நிறம் வரும். பிளாஸ்டிக் கவரின் மூலையில் ஊசிமுனை அளவுக்கு வெட்டி, முதலில் ஓரத்தில் கோடு போடுங்கள். அது காய்ந்ததும் உள்ளே நிரப்புங்கள். அவசரப்பட்டால் வழியும்.

எழில்

சேரப்பணஞ்சேரி
15.2.2025

அன்பு எழிலுக்கு,

பன்னிரண்டு தேறின. ஒன்றில் 'லீலா' என்று எழுதினேன். கடைசித் துணைக்கால் கொஞ்சம் கோணல். இருக்கட்டும் என்று விட்டேன்.

நேற்று டீ பிரேக்கில் டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். "நீங்களே செஞ்சீங்களா?" என்றார். பெயர் எழுதியதைத் தனியே எடுத்துவைத்து, வேறொன்றை முழுதாகத் தின்ற பிறகுதான் மறுபடி பேசினார்.

"சக்கரை ஜாஸ்தி. உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவதான் சொல்லிக் குடுத்தா."

"பிஸ்கட்டுக்குச் சரி. மத்ததுக்கு?"

எனக்குப் பொய் வரவில்லை. உனக்கு இதில் இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். லீலா டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஆசை கீது நாகப்பன் சார். ஆனா ஒளிஞ்சிக்கினு ஒரு வூட்டுக்குள்ள வரமாட்டேன். உங்க பொண்ணு சொல்லட்டும், வரேன்."

இப்போது உன் கையில் இருக்கிறது. வற்புறுத்தமாட்டேன். ஆனால் வாரம் ஒரு கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்பா

சேலம்
24.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த வாரக் கடிதத்தை எழுத வேண்டாம்.

'ஒளிஞ்சிக்கினு வரமாட்டேன்' என்ற வரியை நாலைந்து தடவை படித்தேன். நான் எட்டு மாதமாக இந்த வீட்டில் அப்படித்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. வியாழக்கிழமை சாப்பிடும்போது எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினார். "கல்யாணத்துக்கு நான் வரமாட்டேம்மா" என்று நேராகவே சொன்னார். "நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் அத்தை. "சொல்லட்டும் அத்தை. அவரு எங்கப்பா" என்றேன். என் குரல் அவ்வளவு உயர்ந்து நானே கேட்டதில்லை. ஹேமந்த் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

பதிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். முப்பது நாள் ஆகுமாம். மூன்று சாட்சி வேண்டுமாம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அம்மா என்று கூப்பிட எனக்கு வராது. லீலாம்மா என்றால் போதுமா என்று அவரிடம் கேளுங்கள்.

அத்தை நாலு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து, பிரிக்காத பட்டுப்புடவை ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"கல்யாணத்துக்குப் போறவ வெறுங்கையோட போவாத" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

உங்கள் மகள்
எழில்