தனியே காயும் துண்டு

இன்று காலை வீட்டுப் பின்பக்கம் புதிதாக ஒரு கயிறு கட்டினேன். பழைய கயிற்றில் எல்லோருடைய துணியும் காய்கிறது. புதுக் கயிற்றில் என் பேரனின் நீலத் துண்டு மட்டும். அதைப் பிழிந்து உதறும்போது ஈரத்துண்டுக்கே உரிய அந்த மக்கிய சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்தால் சிரித்திருப்பாய். "என்னை நினைக்க உங்களுக்கு வேற நல்ல வாசனையே கிடைக்கலையா அக்கா?" என்று கேட்டிருப்பாய். கிடைக்கவில்லையடி. மல்லிகைப்பூவை மோந்தால் வேறு யார் யாரோ ஞாபகத்துக்கு வருகிறார்கள். நீ ஈரத்துண்டில்தான் வருகிறாய்.

பேரனுக்கு அக்குளிலும் விலாவிலும் சின்னச் சின்னதாகப் பருக்கள். பாலர் பள்ளியில் யாரிடமிருந்தோ வாங்கி வந்திருக்கிறான். கிளினிக்கில் இருந்த டாக்டர் பெண், என் மருமகளைவிட இளையவள், சட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "பயப்பட ஒண்ணுமில்ல பாட்டி. ஒரு வைரஸ்தான். தோலோட தோல் உரசினா ஒட்டும், துண்டு மாத்திப் போட்டாலும் ஒட்டும். கிள்ளாம விடுங்க, தானா போயிடும். மாசக் கணக்காகும், அவ்வளவுதான்." பூச மருந்துகூட எழுதித் தரவில்லை. மருமகள் நிம்மதியாக எழுந்துவிட்டாள். எனக்குத்தான் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. இதே பேச்சை, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷத்தில் இன்னொரு டாக்டர் வாயால் கேட்டவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டு நீ என்ன செய்தாய் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க வராது. கம்போங் செட்டியில், எத்தனையோ தலைமுறைக்கு முன் மலாய் மண்ணில் குடியேறிய உங்கள் செட்டிக் கிராமத்தில், வீட்டுப் பேச்சு மலாய்தான். சாமிக்கும் உறவுக்கும் மட்டும் தமிழ் வார்த்தைகள் மிச்சம் இருந்தன. என்னோடு கிணற்றடியில் பேசிப் பேசி நீ கற்றுக்கொண்ட தமிழை வேறு யாராவது கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள். உன் மகளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி, உங்கள் கம்போங் இருந்த காஜா பேராங்குக்கு வந்தபோது எனக்கு யாரையும் தெரியாது. என் கணவருக்கு ரோடு போடும் வேலை. விடியுமுன் போனால் வெயில் சாய்ந்துதான் வருவார். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுக் கிணறு. மலாய்ப் பெண்கள் மாதிரி கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக, ஆனால் நெற்றியில் திருநீறோடு நீ தண்ணீர் இறைக்க வந்ததை முதல் நாள் பார்த்து, இவள் எந்த ஊர்க்காரி என்று விழித்தேன். நீ என் சேலையைப் பார்த்து அதே மாதிரி விழித்தாய். அப்புறம் உன் வாளியிலிருந்து என் குடத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாய். நம் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

உனக்குப் பிள்ளை இல்லை. ஆயர் குரோ பக்கம் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனக் குடும்பத்தில் இன்னொரு பெண் பிறந்துவிட்டது, வளர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நீயே போய்த் தூக்கிக்கொண்டு வந்தாய். அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. எத்தனையோ தமிழ் வீடுகளில் சீனப் பெண் பிள்ளைகள் பொட்டு வைத்து வளர்ந்தார்கள். ஆனால் உன் மாமியாருக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். பிள்ளை எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். நான் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன். நீ எல்லாவற்றுக்கும் "தாப்பா அக்கா, தாப்பா" என்பாய். பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லியே நீ எத்தனையை விழுங்கினாய்.

பொங்கல் முடிந்த சமயம் உன் மகளுக்கு முதுகிலும் கழுத்திலும் பருக்கள் வந்தன. முத்து முத்தாக, பளபளவென்று, நடுவில் சின்னப் பள்ளத்தோடு. பார்த்ததும் எனக்கே கை கூப்பத் தோன்றியது. முத்துமாரியம்மன் கோயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் அம்மை தெய்வத்துக்கே விழா எடுக்கும் கம்போங்கில் இருந்துகொண்டு, வேறு என்ன நினைப்போம்? அம்மன் வந்திருக்கிறாள் என்றோம். நிலையில் வேப்பிலை செருகினாய். தாளிப்பு நின்றது, மீன் நின்றது, வெளியாள் வரத்து நின்றது. பிள்ளையைப் பின்னறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தாய். முத்து வாடி உதிர்ந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துத் தலைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினால் அம்மன் இறங்கிவிடுவாள், வீடு பழையபடி ஆகிவிடும். அதுதான் முறை.

முத்து வாடவே இல்லை. காய்ச்சலும் இல்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மகனை விளையாடக் கூப்பிட்டது. ஆனால் உடம்பில் முத்து இருக்கும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் ஊற்றாதவரை வெளியே விடக் கூடாது. வேப்பிலை காயக் காய நீ மாற்றினாய். வாரம் வாரமாகப் போனது. சீப்புப் படாமல் பிள்ளையின் தலைமுடி சடை பிடித்தது. அழுக்கில் சொறிந்து சொறிந்து பருக்கள் கைக்கும் பரவின. நல்ல பிள்ளையை நாமே நோயாளி ஆக்கிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை.

அதற்குள் என் மகனுக்கும் இடுப்பில் வந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் இரண்டையும் கிணற்றடியில் ஒன்றாகக் குளிப்பாட்டி, ஒரே துண்டால் துடைத்தவர்கள்தானே நாம். என் கணவர் கோயிலையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், நான் பின்னாலேயே ஓடினேன். டாக்டர் பேசியதை, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் தமிழில் சொன்னார். "இது அம்மை இல்லம்மா. தொத்துற பருவு, ஆபத்தில்ல. தினம் குளிப்பாட்டுங்க. துண்ட மட்டும் தனியா வைங்க, ஈரத்துண்டுலதான் ஒட்டும்."

வந்ததும் வராததுமாக உன்னிடம் சொன்னேன். நீ உன் மாமியாரிடம் சொன்னாய். அதோடு குடிமுழுகியது. முத்து போட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வீட்டோடு பேச்சு வைத்ததால்தான் அம்மனுக்குக் கோபம் என்றார். அதன் பிறகுதான் இத்தனை நாளும் வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்பினார்.

"இந்த வீட்டு ரத்தமா இருந்தா அம்மா எப்பவோ இறங்கியிருப்பா. இது வேற ரத்தம். கோயில்ல கொடி ஏறதுக்குள்ள இத தோட்டத்துக்கே கொண்டுபோய் விட்டுரு."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதிலும் அது விழுந்தது. உன் கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மனிதரை அதற்காக நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அதனால் என்ன.

நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மறுநாள் காலை கிணற்றடிக்கு வந்தாய். இடுப்பில் உன் மகளின் துண்டு. அதைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து உன் கழுத்தில், தோளில், கெபாயாவின் உள்பக்கம் நெஞ்சுக்கு மேலே, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாய்.

"அடி பைத்தியமே, என்ன பண்ற? டாக்டர் சொன்னாருல்ல, அதுலதான் ஒட்டும்னு!"

"அதுக்குத்தான் அக்கா."

நான் துண்டைப் பிடுங்கப் பார்த்தேன். நீ விடவில்லை. "வேற ரத்தம்னு சொல்றாங்க. நான் இந்தக் கம்போங் ரத்தம்தானே? எனக்கும் வந்துட்டா என்ன சொல்வாங்க லா?"

நான் துண்டை விட்டுவிட்டேன். அதன் பிறகு தினமும் அதே வேலை. பகலெல்லாம் அந்தத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே திரிந்தாய். காலையில் கிணற்றடியில் கழுத்தைக் காட்டி, "இருக்கா பாருங்க" என்பாய். நான் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. வரக் கூடாதே என்று ஒரு மனம், வந்துவிட வேண்டுமே என்று இன்னொரு மனம். இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொன்னதே இல்லை. கோயிலில் பந்தல் போட மூங்கில் வந்து இறங்கியது. உன் மாமியார் பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டிக் கதவோரம் வைத்தார். அந்த மூட்டையைத் தாண்டித்தான் நீ பின்னறைக்குப் போய் வந்தாய்.

ஒரு நாள் காலை தோள் எலும்புக்கு மேலே கடுகளவு ஒன்று. நான் நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தேன். பளபளவென்று, நடுவில் பள்ளத்தோடு. "வந்துருச்சுடி" என்றேன். நீ சிரித்தாய். புது மூக்குத்தி போட்டவள்கூட அப்படிச் சிரிக்கமாட்டாள். பக்கத்திலேயே இன்னும் சிலது வரும்வரை பொறுத்தாய். அப்புறம் நேரே வீட்டுக்குள் போய், மாமியார் முன்னால் நின்று கெபாயாவின் மேல் ஊசியைக் கழற்றினாய்.

"என்னை எந்தத் தோட்டத்துல விடப்போறீங்க மாமி?"

அவ்வளவுதான் கேட்டாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் உன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று யாருக்குத் தெரியும். எழுந்து போய்ப் புதிதாக வேப்பிலை ஒடித்து வந்தார். முத்து வந்தவள் அடுப்படிக்குப் போகக் கூடாது, அதனால் நீயும் பின்னறையில் மகளோடு படுத்தாய். வீட்டு வேலை அத்தனையும் அந்தக் கிழவி தலையில் விழுந்தது. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் சோறு வடித்ததை நான் வேலியோரம் நின்று ஆசை தீரப் பார்த்தேன். சில நாள்தான் தாங்கினார். முத்து உதிர்ந்ததோ இல்லையோ, ஒரு மதியம் வெயிலில் மஞ்சள் தண்ணீர் வைத்து, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உங்கள் இருவர் தலையிலும் ஒரே அண்டாவிலிருந்து ஊற்றினார். துணி மூட்டை கதவோரத்திலிருந்து காணாமல் போனது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பிறகு பேசவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. சரியாகவில்லை. விழாவன்று உடம்பில் முத்து இருப்பவர்கள் கோயிலுக்குள் வரக் கூடாதென்று, நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றாய். உன் மாமியார் உன்னைக் கடந்து உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிவரை அந்தப் பிள்ளை கொடுத்த தண்ணீரை அவர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. அந்த ஆகஸ்ட் மாதம் பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா கொண்டாட்டம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோமே, அன்றுதான் கவனித்தோம்: இரண்டு பிள்ளைகள் உடம்பிலும் ஒன்றுகூட இல்லை. எப்போது போனதென்றே தெரியவில்லை. டாக்டர் சொன்ன மாதிரி தானாகப் போயிருந்தது. உனக்குத்தான் கழுத்தில் சொறிந்து சீழ் வைத்த இடம் தழும்பாக நின்றுவிட்டது.

அன்று அத்தனை கூச்சலுக்கு நடுவில் என் காதில் சொன்னாய். "இவளை அனுப்பப் பார்த்தாங்கன்னு இவளுக்குத் தெரியவே கூடாது அக்கா. தெரிஞ்சா எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்லயே நின்னு யோசிப்பா." நான் தலையாட்டினேன். மகள் வளர்ந்து கழுத்துத் தழும்பு என்னவென்று கேட்டபோது, "நீ ஒட்ட வச்சதுதான், குட்டிப் பிசாசு" என்று கன்னத்தைக் கிள்ளினாய். நீ விளையாட்டாகச் சொன்னாய். அவள் அதை மனதிலேயே வைத்துக்கொண்டாள்.

நேற்று அவள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவளுக்கும் இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பேரனின் துண்டு தனியாக ஒரு நாற்காலி முதுகில் கிடப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டாள், சொன்னேன். எழுந்து அந்த நாற்காலிப் பக்கம் போய் நின்றாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கும் இதுதானே வந்துச்சு? அம்மா போன அன்னிக்குக் குளிப்பாட்டும்போது அந்தத் தழும்பைப் பார்த்தேன். என்னைத் தூக்கிட்டு வந்து, எனக்கு எவ்வளவோ கொடுத்தாங்க. நான் அவங்களுக்குக் கொடுத்தது அது ஒண்ணுதான்."

நான் என்ன செய்யட்டும், சொல். உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உன் மகள் முகம் ஒரு பக்கம்.

"நீ கொடுக்கலடி. அவளே எடுத்துக்கிட்டா. உன் துண்டை எடுத்துக் கழுத்துல தேய்ச்சுக்கிட்டதை நான் கண்ணால பார்த்தேன்."

"ஏன்?"

"உன்னைத் தனியா ஒரு ரூம்புல படுக்க வச்சிருந்தாங்க. அவளுக்கும் வந்தா உன்கூடப் படுத்துக்கலாம்ல."

பொய்யில்லை. நீங்கள் இருவரும் ஒன்றாகப் படுத்ததை நானும் பார்த்தேனே. அவள் நாற்காலியில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து என் பேரனை வாரி எடுத்து, அவன் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். "ஒட்டிக்கும் அக்கா, இறக்கி விடுங்க" என்று மருமகள் பதறினாள்.

"தாப்பா" என்றாள் உன் மகள்.

பாதியைச் சொல்லிவிட்டேன், என்னைத் திட்டாதே. மூட்டை கட்டி வைத்தது, தோட்டத்துக்கு அனுப்பச் சொன்னது, அந்த மீதிப் பாதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் வரும்போது அதை உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.